சுங்கை நிப்பாவின் தண்டுவட நீர்

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கும் தெளிந்த நீரை நோயின் சாட்சியாக நிறுத்தி, உலகம் அதுவரை அறியாத ஒரு நுண்ணுயிரியை அடையாளம் காட்டிய நிகழ்வு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லிங்கி என்னும் ஊர் அமைந்திருக்கும் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் 1999-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தொடங்கியது. லிங்கி வட்டாரம் தமிழர்களுக்குப் பால்மரத் தோட்டங்களாலும் லயங்களாலும், பின்னர் அவற்றின் இடத்தைப் பிடித்த செம்பனையாலும் அறிமுகமானது. அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத புக்கிட் பெலாண்டோக்கும் அதனையொட்டிய சுங்கை நிப்பாவும் பன்றிப் பண்ணைகளால் பெயர் பெற்றிருந்தன. பண்ணைகள் சீனர்களுடையவை; அவற்றில் கூலிக்கு உழைத்தவர்களிலும், பின்னர் நோயாளிகளாகப் படுத்தவர்களிலும் இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும் இருந்தனர்.

தண்டுவட நீரின் அளவு வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேநீர்க் குவளை கொள்ளும் அளவே. ஆயினும் மூளையின் உள்ளறைகளிலுள்ள இரத்த நாளப் பின்னல்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீரைச் சுரப்பதாலும், அதே அளவு நீர் மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடுவதாலும், இந்தச் சிறிய குளம் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் புதுநீர் பெறுகிறது. 1,400 கிராம் எடையுள்ள மூளை இதில் மிதப்பதால் தன் எடையில் ஏறத்தாழ 50 கிராமை மட்டுமே அடித்தளத்தின் மீது சுமத்துகிறது. மண்டையோடு விரியாத பெட்டியாகையால், அதனுள் இருக்கும் மூளை, இரத்தம், நீர் ஆகிய மூன்றில் ஒன்று கூடினால் மற்றொன்று குறைய வேண்டும், குறையாவிட்டால் உள்ளழுத்தம் ஏறும் என்ற விதியை, ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் எடுத்துரைத்தனர். கீழ்முதுகில் ஊசி செலுத்தி அந்நீரை எடுக்கவும் அதன் அழுத்தத்தை அளக்கவும் வழிகாட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே, ஆண்டு 1891.

சுங்கை நிப்பாவின் நோயைப் புரிந்துகொள்ள மிகவும் வேண்டியது அடுத்த கண்டுபிடிப்பு. மூளை அழுத்தம் ஏறி, மூளைத்தண்டுக்குச் செல்லும் இரத்தம் தடைபடும் நிலை வரும்போது, உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தமனிகளின் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்றும், அப்போது நாடித்துடிப்பு மெதுவாகிறது என்றும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் சோதனைகளால் காட்டினார். இரத்த அழுத்தம் ஏறுதலும் நாடி இறங்குதலும் ஒன்றாகத் தோன்றினால், மண்டைக்குள் நெருக்கடி முற்றிவிட்டது என்று மருத்துவர்கள் இன்றும் அஞ்சுவது இதனாலேயே.

பேராக் மாநிலத்தின் ஈப்போப் பகுதியில் 1998 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், நோயுற்ற பன்றிகள் விற்பனைக்காகத் தெற்கே ஏற்றிச் செல்லப்பட்டபோது அவற்றுடன் பயணம் செய்து, அவ்வாண்டு இறுதியில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும், பிறகு அனைத்திலும் பெரிய அலையாகப் புக்கிட் பெலாண்டோக்கிலும் தோன்றியது. இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கொள்ளப்பட்டது. அதற்கேற்பக் கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. பன்றி அந்த நோய்க்கும் தொடர்புள்ள விலங்கு என்பதால் இந்த முடிவு அறிவுக்கு ஒவ்வாதது அன்று. ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கோ படுக்கையில் விழுந்தவர்கள் உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள், அவர்களிலும் பன்றிகளைக் கையாண்டவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளோ தொலைவில் நிற்பவர்க்கும் கேட்கும்படி கரகரத்து இருமின. கொசு தொழில் பார்த்துக் கடிப்பதில்லை என்ற எளிய உண்மை, ஆய்வுக்கூடத்துக்கு முன்பே பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

முடிச்சை அவிழ்த்தது தண்டுவட நீர். சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட நீரை, மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் சுவா காவ் பிங் குரங்குச் சிறுநீரகச் செல்களின் வளர்ப்பில் இட்டபோது, அச்செல்கள் ஒன்றோடொன்று கலந்து பல கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாக மாறின. இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் இயல்பன்று. தட்டம்மைக் கிருமி அடங்கிய குடும்பத்தின் இயல்பு. 1999 மார்ச்சில் மாதிரிகளுடன் அவர் அமெரிக்கா சென்றார். ஆஸ்திரேலியாவில் 1994-இல் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு நெருங்கிய உறவுடைய புதிய கிருமி இது என்பது அங்கு உறுதியாயிற்று. நோயாளியின் ஊர்ப்பெயரே கிருமியின் பெயராயிற்று. உவர்நீர்க் கழிமுகங்களில் வளரும் நிப்பா என்னும் பனையால் பெயர் பெற்ற ஒரு சிற்றூர் இப்படி உலக மருத்துவ நூல்களில் ஏறியதை அவ்வூரார் பெருமையாகக் கொண்டிருக்க வாய்ப்பில்லை. கிருமியின் உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் தெளிவாயிற்று.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை சேர்க்கப்பட்ட 94 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. காய்ச்சல், தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி ஆகியவை முதற்குறிகள்; 52 பேருக்கு உணர்வு மங்கியது; 30 பேர் இறந்தனர். முக்கால்வாசிப் பேரின் தண்டுவட நீரில் முதற்சோதனையிலேயே மாறுதல் தெரிந்தது. ஆனால் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. இந்நோயாளிகளில் இரத்த அழுத்தம் ஏறியபோது நாடி மெதுவாகவில்லை, விரைந்தது. அவ்விரைவே உயிர் பிழைப்பது அரிது என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாகவும் இருந்தது. குஷிங் காட்டிய இணைப்புக்கு இது நேர்மாறானது. நெருக்கடிக்கு உள்ளான மூளைத்தண்டு தன்னைக் காக்கச் செய்யும் எதிர்வினையாக இதைக் கொள்வது கடினம். இதயத்தையும் இரத்த நாளங்களையும் ஆளும் நரம்பு மையங்களே பழுதுற்றன என்று கொள்வதே பொருந்தும். கைகால்களில் அனிச்சைச் செயல்கள் அற்றுப்போனதும், தசைகள் திடீர் திடீரெனத் துள்ளியதும் மூளைத்தண்டையும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் மேற்பகுதியையுமே சுட்டின. வீட்டுக்கூரை அழுந்துவதும், உள்ளிருக்கும் மின்விசைப் பலகை எரிந்துபோவதும் இருட்டையே தரலாம். பழுது பார்ப்பவருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

காந்த அதிர்வுப் படங்களும் இக்கருத்துக்குத் துணை நின்றன. மூளை முழுவதும் வீங்கிய தோற்றத்தை விட, வெண்பொருளில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள புள்ளிகள் சிதறிக்கிடந்ததே அவற்றில் தனித்துத் தெரிந்தது. இறந்தோரின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது, கிருமி நுண்ணிய நாளங்களின் உட்சுவரைத் தாக்கி, இரத்தம் உறைந்து, அந்நாளங்களை நம்பியிருந்த திசு மடிந்திருந்தது தெரியவந்தது.

நீர் அளித்த சாட்சியத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. சேமித்து வைக்கப்பட்டிருந்த 84 நோயாளிகளின் தண்டுவட நீரை வளர்ப்பிலிட்டுப் பார்த்ததில், இறந்த 27 பேரில் 17 பேரின் நீரில் கிருமி வளர்ந்தது. பிழைத்த 57 பேரில் ஒருவரின் நீரில் மட்டுமே வளர்ந்தது. எனினும் நீரின் தன்மைக்கும் கிருமி வளர்வதற்கும் தொடர்பு காணப்படவில்லை. வழக்கமான சோதனையில் அந்த நீர் எப்படி இருந்தது என்பதைக் கொண்டு, எவருடைய நீரில் உயிருள்ள கிருமி இருக்கிறது என்று சொல்ல முடியாதிருந்தது.

மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன, ஊர்கள் காலிசெய்யப்பட்டன. அலை ஓய்ந்த பின்னும் நோய் ஓயவில்லை. முதலில் வந்த மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களில் 12 பேருக்கு அது மீண்டும் வந்தது. காய்ச்சலோடு நின்றவர்களும் எந்தக் குறியுமில்லாமல் கிருமியை ஏற்றவர்களுமாகிய வேறு 10 பேருக்கு மூளைக்காய்ச்சல் காலந்தாழ்ந்து தோன்றியது. தொற்றுக்கும் இந்நிகழ்வுக்கும் இடையே சராசரியாக 8.4 மாதங்கள் கடந்திருந்தன. அந்த 22 பேரில் நால்வர் இறந்தனர். அவர்களில் இருவரின் மூளைத் திசுவில் கிருமியின் புரதங்கள் இன்னும் இருந்தன.