பழைய பேரேட்டை மூட்டை கட்டுமுன்...

நாம் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டிகளிலும், நடத்திவரும் சபாக்களிலும், கோயில் கமிட்டிகளிலும் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பேச்சு அடிபடுகிறது. சந்தோஷமான விஷயம்தான். எங்கள் சொசைட்டியில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படுமே என்று இதை எழுதுகிறேன். அடியேன் கணக்குப் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் 34 வருஷம் உழைத்தவன்.

எங்கள் சொசைட்டியில் 96 வீடுகள். கணக்கர் மராட்டியர், 22 வருஷமாகப் பேரேடு எழுதுபவர். ஏப்ரல் 1 முதல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான், பழைய பேரேட்டை இனித் தொடவே வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. சாஃப்ட்வேர் விற்றவர்கள் அனுப்பிய பையன், எல்லா வீட்டுப் பாக்கியையும் இரண்டே நாளில் ஏற்றிவிட்டுப் போனான்.

முதல் பில் வந்ததும் பூகம்பம்! வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு 9,300 ரூபாய் பழைய பாக்கி என்று பில். அவரோ மார்ச் மாதமே ஆறு மாதத்துக்கு முன்பணமாக 9,300 ரூபாயை ரொக்கமாகக் கட்டியவர். ரசீதைத் தூக்கிக் காட்டினார். மொத்தப் பாக்கியைக் கூட்டினால், பழைய பேரேட்டைவிடக் கம்ப்யூட்டரில் 18,600 ரூபாய் அதிகம். “ரசீது கொடுத்தாகிவிட்டது, கணக்கில் பணம் இல்லை. அப்படியானால் யார் சாப்பிட்டது?” என்று கமிட்டியில் குரல் எழுந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் இன்னொருவர்.

அன்றிரவு கணக்கர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “காகா...” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

கமிட்டியிடம் நான்கு நாள் அவகாசம் கேட்டேன். பழைய கணக்கப்பிள்ளைகள் ஒரு சூத்திரம் சொல்வார்கள். வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஒன்பதால் வகுபடாமல் இரண்டால் வகுபட்டால், பாதித் தொகை பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 18,600 ஒன்பதால் வகுபடவில்லை. பாதி 9,300! வளைகுடாக்காரரின் முன்பணம் பேரேட்டில் வரவுப் பக்கம் ஒழுங்காக இருந்தது. பையன் அதைப் பற்றுப் பக்கம் ஏற்றிவிட்டான். ரசீதின் அடிக்கட்டை இருந்தது. மார்ச் மாதம் பாங்கில் கட்டிய தொகையிலும் அது சேர்ந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. தொடக்க இருப்பு ஒட்டவில்லை என்று சாஃப்ட்வேரே காட்டியிருக்கிறது. பையன் அந்த வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் தள்ளி மூடிவிட்டான். செயலாளர் தாமே கணக்கர் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தார்.

எங்கள் விஷயம் நான்கு நாளில் முடிந்தது. பிரிட்டனில் முடிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அங்கே தபால் நிலையங்களில் 1999 முதல் ‘ஹொரைஸன்’ என்ற கணக்கு முறை புகுத்தப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, தபால் நிலையம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்றார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. சாஃப்ட்வேரில்தான் கோளாறு என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024-ல் தனிச் சட்டமே இயற்றி மற்றவர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று.

சிக்னல்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. பச்சை விளக்கு எரிவதால் மட்டும் பாதை சரியென்று ஆகாது. வயரை மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு எரியும். அதனால்தான் புது இன்டர்லாக்கிங் போடும்போது ஒவ்வொரு பாதையையும் அட்டவணையோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறோம். இணைப்பைத் துண்டிக்கும்போதும், திரும்பக் கொடுக்கும்போதும் எழுத்து மூலம் கையெழுத்து வாங்குகிறோம். கணக்குக்கும் இதுவே பொருந்தும்.

மாறப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள்:

1. நிதியாண்டுத் தொடக்கமான ஏப்ரல் 1-ல் ஆரம்பியுங்கள். ஏற்றிய ஒவ்வொரு தொடக்க இருப்பையும் பேரேட்டோடு இருவர் ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும்.

2. மூன்று மாதமாவது பேரேடும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டும் பைசா சுத்தமாக ஒட்ட வேண்டும். இரட்டை வேலைதான், ஆனால் வீண் வேலை அல்ல.

3. ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு தேவை. கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு குறித்து வைக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. சிறிய அமைப்புகளும் அத்தகையதையே வாங்குவது நல்லது.

4. வாரம் ஒருமுறை நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

5. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை அதில் எழுதப் போகிறவரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் கணக்கர் இப்போது கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறார். மாதக் கடைசியில் மட்டும் பழைய பேரேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்கிறார். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

கணக்கில் வித்தியாசம் வந்தால் முதலில் கணக்கைச் சோதிப்போம். மனிதரைச் சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும்.