படிப்பை முடிப்பதா, சம்பளத்துக்குப் போவதா? கூடைப்பந்தாட்ட வீரர்களின் கணக்கில் நமக்கும் ஒரு பாடம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலான மாதங்களில் பதுளை, பண்டாரவளை, வெலிமடை கடைவீதிகளில் புதிய முகங்களைக் காணலாம். சிலர் முதலாளிமாரின் சொந்தப் பிள்ளைகள். சிலர் பசறை, மடுல்சீமை, நமுனுகுலை தோட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். பெறுபேறு வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். பிள்ளை உயர்தரம் படிக்கப் போவதா, இல்லை கடையிலேயே நின்றுவிடுவதா? "படித்தவன் எல்லாம் என்ன சம்பாதிக்கிறான்?" என்று வாப்பா கேட்பார். "இப்போது விட்டால் பிறகு படிப்பு வருமா?" என்று உம்மா கேட்பார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கும்.

இதே கேள்வி அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் பகிரங்கமாக எழுகிறது. அங்கே கேட்பவர்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வீரர்கள். படிப்பை முடிப்பதா, பாதியில் விட்டுத் தொழில்முறை விளையாட்டுக்குப் போவதா என்பது அவர்களுடைய பிரச்சினை. விளையாட்டில் நமக்கு ஆர்வம் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது வியாபாரிக்குப் பயன் தரும். ஏனென்றால் அங்கே யார் போனார், யார் நின்றார், பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் பதிவாகி இருக்கிறது.

ஏற்பாடு எப்படி?

அமெரிக்காவில் முதல்தரப் போட்டிகளில் விளையாடும் பல்கலைக்கழகங்கள் 350க்கும் மேல். ஓர் அணியில் பத்துப் பதின்மூன்று பேர் என்று பார்த்தாலும் வீரர்கள் நாலாயிரத்தைத் தாண்டுவர். என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை புதிய வீரர்களைத் தெரிவு செய்கிறது. மொத்த இடங்கள் சுமார் 60 மட்டுமே. அவற்றுக்கும் வெளிநாட்டு வீரர்கள் போட்டிக்கு வருகிறார்கள்.

அந்த 60 இடங்களும் ஒரே பெறுமதி உடையவை அல்ல. முதல் 30 இடங்களுக்குள் வருபவருக்கு நிர்ணயிக்கப்பட்ட சம்பளத்தில் ஒப்பந்தம் கிடைக்கும். அதில் முதல் இரண்டு வருடங்கள் உறுதியானவை. மூன்றாம், நான்காம் வருடங்களைத் தொடர்வதா என்பது அணியின் விருப்பம். 31ஆம் இடத்துக்குப் பின்னால் வருபவருக்கு இந்த உறுதி கிடையாது. பேசித்தான் வாங்க வேண்டும். 30ஆம் இடத்தவருக்கும் 31ஆம் இடத்தவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். கையில் கிடைக்கும் பத்திரத்தில் வித்தியாசம் பெரியது.

படிக்கும் வீரர் நான்கு வருடமும் காத்திருக்க வேண்டியதில்லை. 2005இல் செய்த உடன்படிக்கையின்படி, 2006 முதல் அமெரிக்க வீரர் தெரிவு நடக்கும் வருடத்தில் 19 வயதை அடைய வேண்டும், பாடசாலையை விட்டு ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும். அதன்பின் எந்த வருடமும் போகலாம்.

முந்துவதும் பிந்துவதும்

முந்திப் போவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. விளையாட்டு வீரனின் உழைக்கும் காலம் குறுகியது. முதல் ஒப்பந்தம் முடிந்தபின் வரும் இரண்டாவது ஒப்பந்தம்தான் பெரிய பணம். ஒரு வருடம் தாமதித்தால் அதுவும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இடையில் காயம் வந்தால் எல்லாம் போகலாம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் சலிஞ்சர் 2011இல் போயிருந்தால் முன்வரிசை இடம் கிடைக்கும் எனப் பரவலாகப் பேசப்பட்டது. அவர் இன்னொரு வருடம் நின்றார். முதுகில் கோளாறு இருப்பதாகச் சந்தேகம் எழுந்தது. 2012இல் 21ஆம் இடத்தில்தான் தெரிவானார்.

தேயிலை நாட்டவர்களுக்கு இது புரியும். இளஞ்செடியில் அவசரப்பட்டுக் கொழுந்தெடுத்தால் செடி பலமிழக்கும். உரிய நாளில் எடுக்காமல் விட்டால் கொழுந்து முற்றி விலை இறங்கும். ஆகவே "பொறுத்தவனுக்கே பலன்" என்பதும் "கிடைத்ததை உடனே பிடி" என்பதும் எல்லா நேரமும் செல்லாது. இந்தச் செடிக்கு இன்று என்ன நிலை என்று பார்க்க வேண்டும். போன மூன்று பேரைப் பார்ப்போம்.

முதலாமவர்: ஹகீம் ஒலாஜுவான்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த முஸ்லிம். 1980இல் அமெரிக்கா வந்து ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இன்னும் ஒரு வருடம் விளையாட உரிமை இருக்கும்போதே 1984இல் தெரிவுக்குப் போனார். முதல் இடத்திலேயே ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி அவரை எடுத்தது. அதே வருடம் மூன்றாம் இடத்தில் தெரிவானவர் மைக்கல் ஜோர்டன். அவரும் மூன்று வருடத்துடன் படிப்பை விட்டுப் போனவர்தான். ஆனால் 1986இல் பட்டத்தை முடித்துக்கொண்டார்.

ஹகீம் 1994, 1995 இரண்டு வருடங்களும் தன் அணிக்குச் சம்பியன் பட்டம் பெற்றுக்கொடுத்தார். 1995 பெப்ரவரியில் ரமழான் நோன்புடன் விளையாடியே அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். நமது பக்கத்துக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. சம்பாதித்ததை அவர் நிலத்திலும் கட்டடத்திலும் போட்டார். வட்டி ஹராம் என்பதால் வங்கிக் கடன் எடுக்கவில்லை, ரொக்கமாகவே வாங்கி விற்றார். அந்த வியாபாரத்தில் கிடைத்த இலாபம் பத்துக் கோடி டொலருக்கு மேல் இருக்கும் என 2006இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது.

அவர் முந்திப் போனது சரியாக வந்தது, ஏனென்றால் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய இடம் அப்போதே கிடைத்தது. முதல் இடத்துக்கு மேலே வேறு இடம் இல்லை. இன்னொரு வருடம் காத்திருந்தால் அது இறங்கத்தான் முடியும்.

இரண்டாமவர்: ஷரீப் அப்துர் ரஹீம்

இவரும் முஸ்லிம். ஜோர்ஜியா மாநிலத்தவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஒரே ஒரு வருடம் படித்தார். முதல் வருட மாணவனாகவே தன் பிராந்தியப் போட்டித் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானார். 1996இல் மூன்றாம் இடத்தில் வன்கூவர் அணிக்குப் போனார். 2000இல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். முழங்கால் பிரச்சினையால் 2008இல் விளையாட்டை விட்டபோது வயது 31.

இங்கேதான் பலர் தடுமாறுவர். 31 வயதில் உழைப்பு நின்றுவிட்டது, கையில் பட்டமும் இல்லை. ஷரீப் பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பி 2012இல் சமூகவியலில் பட்டம் பெற்றார். பிறகு வணிக நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டமும் எடுத்தார். 2019இல் என்.பி.ஏ.யின் பயிற்சிச் சங்கமான ஜீ லீக்கின் தலைவரானார். முந்திப் போனார், ஆனால் பின்னால் இருந்த கதவைத் தாழிடவில்லை.

மூன்றாமவர்: சத்னம் சிங்

இவர் நமது அயல்நாட்டவர். இந்தியாவின் பஞ்சாப் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் 1995இல் பிறந்தார். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 2010இல் புலமைப்பரிசில் பெற்று புளோரிடாவிலுள்ள விளையாட்டுக் கல்லூரி ஒன்றுக்குப் போனார். பல்கலைக்கழகம் போகாமலே 2015இல் தெரிவுக்கு நின்றார். டல்லஸ் அணி அவரை 52ஆம் இடத்தில் எடுத்தது. என்.பி.ஏ. தெரிவில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

பத்திரிகைச் செய்தி பெரிதாக இருந்தது. இடமோ 52. உறுதியான ஒப்பந்தம் இல்லாத வரிசை அது. பயிற்சிச் சங்கத்தில் இரண்டு பருவம் விளையாடினார், என்.பி.ஏ. போட்டி ஒன்றில்கூட இறங்கக் கிடைக்கவில்லை. பின்னர் தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளுக்குச் சென்றார். அவர் கிராமத்திலிருந்து அவ்வளவு தூரம் போனதே சாதனைதான். ஆனாலும் ஊர் கொண்டாடுகிற பெயர் வேறு, கையெழுத்தான பத்திரம் வேறு என்பதை இவருடைய கதை காட்டுகிறது.

விலை கேட்டுவிட்டுத் திரும்பலாம்

இந்த ஏற்பாட்டில் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் தெரிவாகக்கூடும் என்று ஒரு குழு மாணவருக்கு அபிப்பிராயம் சொல்லும். 2016 முதல், அவர் தெரிவு முகாமுக்குப் போய் அணிகளின் எண்ணத்தை அறிந்தபின், குறித்த திகதிக்குள் பெயரை வாபஸ் வாங்கினால் பல்கலைக்கழக அணிக்குத் திரும்பி விளையாடலாம். சந்தையில் விலை கேட்டுவிட்டுச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுவருவது போலத்தான் இதுவும்.

அண்மையில் இன்னொரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் மாணவ வீரருக்குப் படிப்புச் செலவு கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. 2021 ஜூலை முதல் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுப்பனவு செய்யலாம். 2021இல் முந்திப் போக விண்ணப்பித்தவர்கள் 353 பேர். 2025இல் 106 பேர் மட்டுமே. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் படிக்கும்போதே ஓரளவு வருமானம் இருந்தால் பிள்ளை அவசரப்பட்டு ஓடமாட்டான் என்பது தெளிவு.

நமது கடைவீதிக்கு

இப்போது ஊவாவுக்கு வருவோம். மாதம் 40,000 ரூபா சம்பளத்துக்கு ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உயர்தரம் படிக்கும் இரண்டு வருடத்தில் அவன் இழப்பது 9,60,000 ரூபா. தோட்டத்துக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. அதனால் படிப்பின் பெருமையை மட்டும் பேசி அவர்களை அனுப்பிவிட முடியாது. முடிவெடுக்க முன் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வந்திருக்கும் வேலை உறுதியானதா? சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் எழுத்தில் உண்டா? தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவில் கட்டளை பெற்ற சமூகம் நாம். ஒரு பிள்ளையின் உழைப்பையும் எழுதிக்கொள்வதில் வெட்கம் எதற்கு? 40,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமாக 4,800 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமாக 1,200 ரூபாவும் கட்ட வேண்டும். பிள்ளையின் பங்கு 8 வீதம், 3,200 ரூபா. இவை கட்டப்படாத வேலை, 52ஆம் இடத்து வேலைதான்.

இரண்டாவது, காத்திருந்தால் இந்த வாய்ப்பு கெட்டுப்போகுமா? சொந்த வாப்பாவின் கடை இரண்டு வருடத்தில் எங்கும் ஓடிவிடாது. அந்தப் பிள்ளைக்கு அவசரம் இல்லை. வாப்பா நோயாளியாகிக் கடையைப் பார்க்க ஆளில்லை என்றால் கதை வேறு.

மூன்றாவது, திரும்பி வர வழி உண்டா? உண்டு, ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உயர்தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் வரை தோற்ற முடியும். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே, பசறை வீதியில் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பம், முயற்சியாண்மை போன்ற, நமது ஊர் வியாபாரத்தோடு ஒட்டிய படிப்புகள் அங்கே உண்டு. தொழிலில் அனுபவம் பெற்றவர் அந்த அனுபவத்தையே காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். அதற்கு மேற்பட்ட பிள்ளை படிக்க விரும்பினால், பாடசாலை விடுமுறையிலும் வார இறுதியிலும் வேலை கொடுத்து, பரீட்சைக் காலத்தில் விடுப்பும் கொடுக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல வருடம் வழக்காடிக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான். நாம் வழக்கில்லாமலே வந்து சேரலாம். கணக்கு எழுதத் தெரிந்த, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஊழியர் இரண்டு வருடம் கழித்து அதே கடைக்கு வந்தால் இலாபம் முதலாளிக்கும்தான்.

முடிவை வீட்டார் கூடி மஷூரா செய்து, இஸ்திகாராத் தொழுது எடுக்கட்டும். ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருவது. பத்திரத்தை வாசித்துப் பார்ப்பதும், திரும்பி வரும் வழியைத் திறந்து வைப்பதும் நமது கடமை. அடுத்த முறை ஒரு தோட்டத்துப் பிள்ளை வேலை கேட்டுக் கடை வாசலில் வந்து நின்றால், "எப்போது வரலாம்?" என்று கேட்க முன் "பெறுபேறு என்ன, மேலே படிக்க விருப்பமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.