நீண்ட இடைவெளிக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்புதல்

படிப்பு, வேலை, மகப்பேறு, காயம் போன்ற காரணங்களால் பல மாதங்களோ ஆண்டுகளோ விளையாடாமல் இருந்த ஒருவர் மீண்டும் களமிறங்கும்போது, அவரது உடல் பழைய நிலையில் இருப்பதில்லை. பயிற்சி நின்றபின் உடற்தகுதி குறைவது ‘பயிற்சி இழப்பு’ எனப்படும். இந்த இழப்பும் அதன் மீட்சியும் உடலின் எல்லா உறுப்புகளிலும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. மீண்டும் விளையாட வருவோர் காயமடைய இது ஒரு முக்கியக் காரணமாகும்.

குறைபவை

முதலில் குறைவது தாக்குப்பிடிக்கும் திறன். பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தமும் குறைகிறது. முன்பு எளிதாக ஓடிய அதே வேகத்தில் ஓட, இதயம் இப்போது அதிக முறை துடிக்க வேண்டியுள்ளது. தசை வலிமை இதைவிட மெதுவாகவே குறையும்.

எஞ்சுபவை

நன்கு பழகிய திறன் எளிதில் மறப்பதில்லை. மிதிவண்டி ஓட்டக் கற்றவர் பல ஆண்டுகள் கழித்தும் ஓட்டுவது இதனால்தான். இது ‘செயல்முறை நினைவு’ எனப்படும். சிறுமூளை உள்ளிட்ட மூளைப் பகுதிகள் இதில் பங்கு கொள்கின்றன. முன்பு பயிற்சி பெற்ற தசைகளும், புதிதாகத் தொடங்குபவரின் தசைகளைவிட விரைவாக வலிமை பெறுகின்றன.

டல்லாஸ் ஆய்வு

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுடைய 5 இளைஞர்கள் 3 வாரங்கள் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆராயப்பட்டனர். பின்னர் அவர்களுக்குக் கடும் பயிற்சி அளிக்கப்பட்டது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், 30 ஆண்டு முதுமையால் குறைந்ததைவிட அந்த 3 வாரப் படுக்கையால் அதிகம் குறைந்திருந்தது. 6 மாதப் படிப்படியான பயிற்சிக்குப் பின், அவர்களின் திறன் 1966-இன் தொடக்க நிலைக்கு உயர்ந்தது. ஆனால் இளமையில் பயிற்சியால் எட்டிய உச்சத்தை ஒருவராலும் எட்ட இயலவில்லை.

காயம் ஏற்படும் விதம்

தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே அவை வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். சில வாரப் பயிற்சியில் மூச்சும் தசையும் தேறிவிட, பழைய வேகம் வந்துவிட்டதாக ஆட்டக்காரர் கருதுகிறார். தசைநாணோ அந்த வேகத்துக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. இறகுப்பந்து, டென்னிஸ், கால்பந்து போன்றவற்றில் திடீரெனப் பாயும்போது குதிகால் தசைநாண் அறுவது இவ்வாறே. 30 முதல் 50 வயது வரையுள்ள, எப்போதாவது விளையாடும் ஆண்களிடம் இது மிகுதி. பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்தது போல இருந்ததாகக் காயமடைந்தோர் கூறுவதுண்டு.

திரும்பும் முறை

* நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் நடுத்தர வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.
* நடை, மெது ஓட்டம், தனிப்பயிற்சி, போட்டி என்ற வரிசையில் முன்னேறலாம். போட்டியில் வேகத்தைப் பெரும்பாலும் எதிராளியே தீர்மானிக்கிறார். ஆகவே அது கடைசியில் வர வேண்டும்.
* தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி போதும். குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சி கெண்டைக்காலையும் தசைநாணையும் வலுப்படுத்தும்.
* மூட்டிலோ தசைநாணிலோ மறுநாள் காலையிலும் வலி நீடித்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.
* நெஞ்சுவலி, மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும்.

அறியப்பட்ட மீள்வருகைகள்

1983-இல் ஓய்வு பெற்ற சுவீடன் டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க், 1991-இல் பழைய மரமட்டையுடன் மான்டே கார்லோவில் களமிறங்கி முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அதற்குள் மற்ற வீரர்கள் புதியவகை மட்டைகளுக்கு மாறியிருந்தனர். பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ் 2007-இல் ஓய்வு பெற்று, குழந்தை பெற்றபின் 2009-இல் திரும்பி, அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 10 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1987-இல் திரும்பினார். முதலில் வலிமை குறைந்த எதிராளிகளுடன் மோதிப் படிப்படியாக முன்னேறிய அவர், 7 ஆண்டுகள் கழித்து 1994-இல், தம் 45-ஆம் வயதில் மீண்டும் உலகப் பட்டத்தை வென்றார்.