முகவாயில் அடி, காதருகே பழுது

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரை மணலும் குடியிருப்பு வாரியத்து மாடிப்படியும்தான் விளையாட்டுத் திடல். படியில் தடுக்கியோ, லூப் சாலையில் சைக்கிளிலிருந்தோ குப்புற விழுந்தால் பல நேரம் கிழிவது முகவாய்க்கட்டையின் அடிப்பக்கம். ரத்தத்தைத் துடைத்துத் தையலும் ஊசியும் போட்டு அனுப்பிவிடுவார்கள். புண் ஆறிவிடும். காதுக்கு முன்னால் என்ன ஆனது என்று தொட்டுப் பார்க்காமலே விட்டுப்போவதும் உண்டு.

அடி எங்கே போகிறது

கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டு, காதுத் துளைக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் இருக்கிறது. முகவாயில் பட்ட அடி எலும்பு வழியே மேலேறி அந்த மூட்டின் முனையில் இறங்கும். சிறுபிள்ளைக்கு அங்கே எலும்பு முறிந்தாலும் வெளியே பெரிதாகத் தெரியாமல் போகலாம். மூட்டுக்குள் கசிந்த ரத்தம் நாளடைவில் எலும்பாக இறுகி, மூட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நம் நாட்டில் பிள்ளைகளின் தாடை இப்படிப் பூட்டிக்கொள்ள முதன்மைக் காரணம் இத்தகைய அடிதான். கவனிக்காமல் விட்ட காதுச் சீழ் மற்றொரு காரணம்.

தாடை பூட்டிக்கொண்டால் வளர்ச்சியும் தடைபடும். முகவாய் உள்வாங்கும், முகம் கோணும், இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் வரும். கரைத்த கஞ்சியைப் பல்லிடுக்கில் ஊட்டும் நிலைக்கு வந்த பிறகு அறுவை சிகிச்சைதான் வழி. முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்திருந்தால் வாய் திறக்கும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகியிருக்கும். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

வீட்டில் பார்க்கக்கூடியது

பிள்ளையை வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். அதன் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி முன் மெதுவாகத் திறக்கும்போது முகவாய் ஒரு பக்கமாக விலகினால், பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்து மூட்டில்தான். புண்பட்ட சில நாளில் தாடை இறுகிக் கழுத்தும் விறைத்தால் அது ரணஜன்னியாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவர் கேட்பதும் தொடுவதும்

தாடை மூட்டுக் கோளாறுக்கு உலக அளவில் 2014-இல் வந்த கண்டறியும் முறை பெரியவர்களுக்கானது. பின்னால் அதைச் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் ஏற்ப மாற்றினார்கள். அதன் உயிர்நாடி எளிமையானது. பொட்டிலும் கன்னத்திலும் மூட்டின் மேலும் விரலால் அழுத்தி, "உனக்கு வழக்கமா வர்ற வலி இதுதானா?" என்று கேட்பார்கள். பதில் பிள்ளையிடமிருந்து வரட்டும், அம்மா முந்திக்கொள்ள வேண்டாம். முறுக்கு கடித்தால் வலிக்கிறதா, கொட்டாவி விட்டால் வலிக்கிறதா என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லும்.

அடுத்தது முழுவாய் எக்ஸ்ரே. அதில் முறிவு பிடிபடாமல் போகலாம், சந்தேகம் இருந்தால் சி.டி. எடுப்பார்கள். முழங்கால், கணுக்கால் வீங்கும் சிறார் மூட்டுவாதம் தாடை மூட்டையும் வலியே இல்லாமல் அரிக்கும். அதற்கு மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

எல்லாச் சத்தமும் நோயல்ல

பதின்வயதில் வாய் திறக்கும்போது 'டக்' என்று கேட்பது சாதாரணம். வலியோ பூட்டிக்கொள்வதோ இல்லாவிட்டால் அதற்கு வைத்தியம் வேண்டாம். சிறுபிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள். பூச்சி மருந்து அதை நிறுத்தாது. பெரும்பாலும் வளர வளரத் தானே குறையும். காது வலிக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். காதில் குறை இல்லை என்று மருத்துவர் சொன்னால் தாடை மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வு நேரத்துத் தாடை வலிக்கு மென்மையான உணவும் வெந்நீர் ஒத்தடமும் நகம் கடிப்பதை விடுவதுமே பெரும்பாலும் போதும். இந்த வயதில் வலிக்காகப் பல்லை ராவிச் சரிசெய்வதாக யாராவது சொன்னால் வேறொருவரிடமும் கேளுங்கள்.

எங்கே போவது

அடிபட்ட அன்றைக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம். தாடைக்கென்று காட்ட, மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தையல் போட்ட சீட்டை எடுத்துப் போங்கள். அடிபடுவதற்கு முன்னும் பின்னும் நேர்முகமாக எடுத்த படம் போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள். முகம் எப்போதிலிருந்து கோணுகிறது என்று மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்ல முடியும்.