அவசரப் பிரிவில் ஒரு புதிய உதவியாள்

விடியற்காலை ஐந்து மணி. செபெராங் பிறையில் ஒரு தோட்டம். வேலைக்குப் புறப்படும் பெரியவருக்கு நெஞ்சை ஏதோ அழுத்துகிறது. இடது கை வலிக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை. “வாயுவாகத்தான் இருக்கும்” என்று வீட்டு அம்மா இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். முதுகில் தைலம் தேய்க்கிறார். ஆறு மணிக்கும் வலி நிற்கவில்லை. பாயான் பாருவில் குடியிருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். மகள் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, பாலத்தைக் கடந்து ஓடி வருகிறாள். மருத்துவமனை வாசலை அடையும்போது மணி எட்டு.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை அன்று. நம் வீடுகளில் எங்கும் நடக்கக்கூடியது. இதில் போன மூன்று மணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

அந்த மகள் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. கணினிக்கு மூளையாக இருக்கும் சின்னஞ்சிறு சில்லுகளை அங்கே பொருத்திச் சோதித்து உலகுக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட சில்லுகளால் இயங்கும் செயற்கை நுண்ணறிவு என்ற ஒன்று இப்போது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அது என்ன?

பால்மரத்தை எடுத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஒருவர் மரப்பட்டையைப் பார்த்ததுமே, “இந்த மரத்துக்கு நோய் கண்டிருக்கிறது” என்று சொல்லிவிடுவார். எந்தப் புத்தகத்தைப் படித்துச் சொன்னார்? ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்துப் பழகிய கண் அது. செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். இலட்சக்கணக்கான நோயாளிகளின் படங்களையும் குறிப்புகளையும் கணினிக்குக் காட்டுகிறார்கள். இது நோயுள்ளது, இது நோயற்றது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு புதிய படம் ஒன்றைக் காட்டினால், அது தான் பழகியவற்றோடு ஒப்பிட்டு ஒரு கருத்தைச் சொல்கிறது.

நம் அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வந்தவருக்கு முதல் வைத்தியம் என்பது அங்கே வழக்கம் அன்று. உயிருக்கு ஆபத்து உள்ளவருக்கே முதலிடம். யாருக்கு ஆபத்து என்பதை விரைவாகக் கண்டுபிடிப்பதில்தான் இந்தக் கணினி உதவுகிறது.

பக்கவாதத்தைப் பாருங்கள். மூளையில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தால் அதைக் கரைக்க மருந்து உண்டு. நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுப்பது வழக்கம். ஆனால் இரத்தக் கசிவாக இருந்தால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். ஆகவே தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே மருந்து. இந்தியாவில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான தலை ஸ்கேன் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கிச் சோதித்து, அதன் முடிவுகளை 2018இல் வெளியிட்டார்கள். இத்தகைய கணினி, இரத்தக் கசிவு இருப்பதாகத் தோன்றும் படத்தை வரிசையின் முன்னால் தள்ளி, “டாக்டர், முதலில் இதைப் பாருங்கள்” என்று எச்சரிக்கிறது.

மாரடைப்புக்கு ஓர் உதாரணம் கர்நாடகத்தில் இருக்கிறது. கன்னடத் திரைப்பட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில், 46 வயதில், திடீரென்று இறந்தார். அவர் பெயரால் 2023இல் அம்மாநில அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சிற்றூர் மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யைக் கணினியின் துணையோடு உடனே படித்து, மாரடைப்பு என்று உறுதியானால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் விலை உயர்ந்த ஊசியை அங்கேயே இலவசமாகப் போடுகிறார்கள். அதன் பிறகே பெரிய இருதய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பட்டணம் போகும்வரை ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் யந்திரம் தவறே செய்யாதா? செய்யும். டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில், அவசரத் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டே இருதயம் நின்றுவிட்டதா என்று கணிக்கக் கணினியைப் பழக்கினார்கள். பழைய அழைப்புகளைக் கொடுத்துப் பார்த்தபோது, இருதயம் நின்ற நூறு பேரில் 84 பேரை அது கண்டுபிடித்தது. மனிதர்கள் கண்டுபிடித்தது ஏறக்குறைய 73 பேரை. ஆனால், பணியிலிருப்பவர்களுக்கு அதன் எச்சரிக்கையைக் கொடுத்துச் சோதித்த முடிவு 2021இல் வெளியானபோது, பெரிய வேறுபாடு காணவில்லை. யந்திரம் சொன்னால் மட்டும் போதாது; கேட்பவர் அதை நம்பிச் செயல்படவும் வேண்டும்.

அதே 2021இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில், செப்சிஸ் என்னும் கொடிய கிருமித் தொற்றை முன்கூட்டியே அறிவிக்கும் ஒரு கணினி முறையை ஆராய்ந்தார்கள். நோய் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது கவனிக்கத் தவறியிருந்தது.

நம்மைப் போன்ற கருநிறத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியைப் பார்த்திருப்பீர்கள். பிராணவாயு குறைந்திருந்தும் சரியாக இருப்பதாக அது தவறிக் காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் கண்டார்கள். தவறான எண்ணைக் கொடுத்தால் எவ்வளவு கெட்டிக்காரக் கணினியும் தவறான முடிவைத்தான் சொல்லும். எனவே, கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் மூச்சு முட்டுகிறது என்றால், “எனக்கு மூச்சு முட்டுகிறது” என்று மிஸ்ஸியிடம் மறுபடியும் சொல்லுங்கள். அது தொந்தரவு அன்று; உங்கள் உரிமை.

இப்போது அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். மாரடைப்பு என்று சந்தேகித்தால், நோயாளி வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ விதி. கணினி அதில் சில நிமிடங்களைக் காப்பாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் போனது மூன்று மணி நேரம். அதை எந்தக் கணினியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இருதயத்தின் தசை அந்த மூன்று மணி நேரமும் மடிந்துகொண்டே இருந்திருக்கும்.

ஆகவே, நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை விழுந்து போதல், பேச்சுக் குழறல் - இவற்றில் எது கண்டாலும் முதல் அழைப்பு 999க்கு. மகளுக்கு அழைப்பது அதற்குப் பிறகு. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி அதிகம் இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வையையும் களைப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

தொலைபேசியில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், வரும் வழி ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் சாலை முனையில் விளக்கோடு நிற்கட்டும். மலாயில் மூன்று சொற்றொடர்களை வீட்டிலுள்ள எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள்: நெஞ்சு வலிக்கு ‘சாக்கிட் டாடா’, மூச்சுத் திணறலுக்கு ‘செசாக் நாஃபாஸ்’, நினைவில்லை என்பதற்கு ‘தீடாக் செடார்’. நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு கொண்டு போங்கள். குடித்திருந்தாலும், நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தாலும் மறைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் உண்மைதான் டாக்டருக்கும் கணினிக்கும் கிடைக்கும் முதல் தகவல்.

எந்த மருத்துவமனையில் இந்தப் புதிய யந்திரம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. அது எங்கே இருந்தாலும் அதன் வேலை நோயாளி வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வேலை, அடுப்படியில் கஷாயம் வைக்க எழுந்த அந்த அம்மாவின் கையில் இருக்கிறது. அவர் கை முதலில் தொலைபேசியை எடுக்கட்டும்.