ஒலிவாங்கி யாருக்கு?

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்து ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். கோயிலில் உடனிருந்த தோழியோ பெயரோடும் சாதியோடும் ஊடகங்களில் வெளிச்சமிடப்பட்டார், நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். கோயில் கேமரா பதிவு வழக்கைத் தாங்கியது. 2022இல் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2016 முதல் நடப்பிலுள்ள, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, சாட்சியின் பெயரையும் முகவரியையும் வெளியிடக்கூடாது என உத்தரவிடச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவு வரும்வரை செய்தியாளரின் அறமே காவல். நாளை செய்தி எழுதப்போகும் மாணவர்களே, முதலில் கேளுங்கள்: இந்தப் பெயரை அச்சிட்டால் இன்றிரவு யார் வீட்டுக் கதவு தட்டப்படும்?