‘பின்செல்’ பொத்தானிடம் கற்ற பாடம்

சைனாடவுனில் தமிழர் தடம் பதித்த இடங்களைப் பற்றி, பல்கலைக்கழகப் பாடத்துக்காக ஓர் இணையப்பக்கம் செய்தேன். 1827ல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா என மூன்று இடங்கள். பெயரைத் தட்டினால் படமும் குறிப்பும் வரும். இறுதியில், நினைவுகளை எழுத ஒரு பெட்டி.

முதலில் சோதித்தவர் என் பாட்டி. கோயில் வாசலில் நின்றபடியே, சிறுவயதில் தம் அப்பாவின் தோளில் அமர்ந்து தீமிதி பார்த்ததைத் திறன்பேசியில் எழுதினார். கோயில் படத்தை மீண்டும் பார்க்கப் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தினார். தேடல் பக்கம் வந்து நின்றது. திரும்பிப் போனால் பெட்டி காலி.

“நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனாம்மா?” என்றார்.

தவறு என்னுடையது. நாம் பார்க்கும் பக்கங்களை, ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனியாக உலாவி வரிசைப்படுத்தி வைக்கிறது. ‘ஹிஸ்டரி.பேக்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை ஓர் அடி பின்னே செல்லும், ‘ஹிஸ்டரி.கோ’வுடன் கழித்தல் 2 கொடுத்தால் இரண்டடி. அங்கே எந்தத் தளங்கள் உள்ளன என்பதை மட்டும் நிரலால் படிக்க முடியாது. நம் அந்தரங்கத்துக்கு அது பாதுகாப்பு.

என் தளத்தில் மூன்று இடங்களும் ஒரே பக்கத்துக்குள் மாறி மாறித் தெரிந்தன. அதனால் வரிசையில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. பாட்டி மூன்று இடங்களைப் பார்த்தார்; உலாவியோ ஒன்றையே அறிந்திருந்தது.

தீர்வு, ‘புஷ்ஸ்டேட்’. ஓர் இடத்தைத் தட்டும்போதெல்லாம் பக்கத்தை மீண்டும் ஏற்றாமலேயே வரிசையில் புதிய பதிவைச் சேர்க்கும். பின்செல்லும்போது ‘பாப்ஸ்டேட்’ நிகழ்வு தகவல் தரும். முந்திய இடத்தை நிரல் மீண்டும் காட்டவேண்டும். எழுதுவதை அவ்வப்போது சேமிக்க, ‘செஷன்ஸ்டோரேஜ்’ஐயும் சேர்த்தேன்.

அடுத்த வாரம் பாட்டி மீண்டும் எழுதினார். முன்னும் பின்னும் போய்வந்தார். ஓர் எழுத்துகூட அழியவில்லை.

“முதல்ல எழுதினது இதைவிட நல்லா இருந்துச்சு,” என்றார்.

அதை மீட்டுத்தர எந்தக் கட்டளையும் இல்லை. இணையப்பக்கம் உருவாக்கும் நண்பர்களே, வெளியிடும் முன்பு ஒருமுறை ‘பின்செல்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள்.